குப்பை எரித்த சாம்பலைக் கரைக்குள் போடலாமா? லேப் ரிசல்ட் நன்றாக இருக்கிறது, மனசுதான் ஒப்பவில்லை

மண்மாதிரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருஷமாகக் கரை, அடித்தள வேலைகளில் இருக்கிறேன். இப்போது கையில் இருப்பது ஒரு பாலத்துக்கு ஏறும் கரை. உயரம் 4 மீட்டர். கீழே 8 மீட்டருக்கு மென்களிமண், கம்பியை வைத்தாலே தானாக இறங்கும். நல்ல கிராவல் எடுக்கிற இடம் ரொம்ப தூரம். ஒப்பந்ததாரர் ஒரு யோசனையோடு வந்தார்: நகரக் குப்பையை எரிக்கிற ஆலையில் உலைக்கு அடியில் விழும் சாம்பலை நடுவில் 3 மீட்டருக்குப் போட்டு, சுற்றிலும் மண்ணால் மூடிவிடலாம் என்று. அவர் கொடுத்த தாளில் அதன் பெயர் 'பசுமைச் சல்லி'. நான்கு பக்கத்தில் சாம்பல் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

மாதிரி வாங்கிப் பார்த்தேன். அதிகபட்ச உலர் அடர்த்தி 1.62, உகந்த ஈரம் 16 சதவீதம், ஊறவைத்த சிபிஆர் (சுமை தாங்கும் பலத்தின் அளவு) 70-க்கு மேல், உராய்வுக் கோணம் 42 பாகை. நச்சு உலோகம் கரைந்து வருகிறதா என்று பார்க்கும் டிசிஎல்பி சோதனையும் பாஸ். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள்.

ஆனால் தட்டில் கொட்டிப் பார்த்தபோது ஒரு மாதிரி இருந்தது. ஈரமான சாம்பல் நிறம், நடுவே பச்சை பாட்டில் துண்டு, உடைந்த டைல்ஸ், உருகிக் கட்டியான ஏதோ ஒன்று, வளைந்த ஒரு சாவி, ஒரு பேட்டரியின் மூடி. இது மண்ணா, சல்லியா, குப்பையா என்றே தெரியவில்லை. யாராவது இதை வேலையில் பயன்படுத்தியிருக்கிறீர்களா?

ரோலர்சத்தம்

தங்கச்சி, உங்க நம்பர்ல தப்பில்லை. அடிச்சாம்பல் அப்படித்தான் வரும். துகள் எல்லாம் கோணல்மாணலா, சொரசொரன்னு இருக்கும், ஒண்ணை ஒண்ணு கவ்விக்கும். அதனால உராய்வுக் கோணம் 40-ஐ சாதாரணமா தாண்டும். எடையும் கம்மி. ஈரத்தோட கிராவல் 2.2 வருதுன்னா இது 1.9-க்குள்ள நிக்கும். உங்க கரைக்கு சதுர மீட்டருக்கு ஒரு டன் அளவுக்கு சுமை குறையுது. கீழ சேறு இருக்கிற இடத்துல அது சின்ன விஷயம் இல்லை.

பலத்தைப் பத்தி எனக்குக் கவலையே கிடையாது. நான் பட்ட அடி வேற.

ஒரு வளாகத்துக்குள்ள ரோடு போட்டோம். பேஸ் கெட்டியா இருக்கட்டும்னு அடிச்சாம்பல்ல 5 சதவீதம் சிமென்ட் கலந்தோம். ஆலையில இருந்து வந்து நாலு நாள்தான் ஆன சாம்பல், குவியலைக் கிளறினா இன்னும் ஆவி பறக்குது. மறுநாள் காலைல போய்ப் பார்த்தா தளத்துல அங்கங்க கொப்புளம். உள்ளங்கை அளவுல சிலது, பேசின் அளவுல சிலது. கடப்பாரையைத் திருப்பித் தட்டினா டொக்கு டொக்குனு வெத்துச் சத்தம். ஒண்ணை உடைச்சுப் பார்த்தோம். உள்ள பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு. நடுவுல கசங்கின அலுமினியத் தாள் ஒண்ணு, அதைச் சுத்தி வெள்ளையா கூழ்.

மொத்தத்தையும் பேர்த்து எடுத்தோம். ரோலர்காரர் மூணு நாள் என்கூட பேசலை.

கிணற்றடி

பலம், எடை, கோணம் எல்லாம் சரி. மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று இதுவரை ஒருவர் கேட்கவில்லையே?

இங்கிலாந்தில், நியூகாசில் நகரத்தில் பைக்கர் என்று ஒரு பகுதி. 1994 முதல் 1999 வரை அங்கிருந்த எரியாலையின் சாம்பலைக் காய்கறித் தோட்டங்களின் நடைபாதையில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். சுமார் 2,000 டன். நடக்க வசதியாக, வடிகால் நன்றாகத்தான் இருந்திருக்கும். 2000-ல் சோதித்தபோது டையாக்சின் என்ற கொடிய நச்சும் கன உலோகங்களும் கிடைத்தன. அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. பிறகு கொட்டியதை வாரி எடுத்தார்கள்.

இன்னொன்று. 1986-ல் கியான் சீ என்ற கப்பல் பிலடெல்பியா நகரத்தின் எரிசாம்பல் ஏறக்குறைய 14,000 டன்னோடு கிளம்பியது. போன நாடெல்லாம் திருப்பி அனுப்பியது. 1988 தொடக்கத்தில் ஹெய்ட்டியில் கோனாயிவ் கடற்கரையில் 4,000 டன் அளவுக்கு இறக்கிவிட்டுப் போனது. மீதி கடலில். ஹெய்ட்டியில் இறக்கும்போது காகிதத்தில் சரக்கின் பெயர் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? உரம். பசுமைச் சல்லி என்று படித்ததும் எனக்கு அந்தக் காகிதம்தான் ஞாபகம் வந்தது.

புதுவரவு

சிவில் மூணாவது வருஷம் படிக்கிறேன், தப்பா கேட்டா மன்னிச்சுக்கோங்க. ஃப்ளை ஆஷை சிமென்ட்லயே கலக்குறாங்க, செங்கல் பண்றாங்க, ரோட்டுக் கரைக்கும் போடுறாங்க. அப்போ இது மட்டும் ஏன் விஷம்?

பிஎச்12

தம்பி, தப்பான கேள்வியே இல்லை. பெயர் ஒன்று, சாமான் இரண்டு. இந்தக் குழப்பத்தால் பெரிய ஆட்களே வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

நீங்கள் சொல்வது அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து வருகிற ஃப்ளை ஆஷ். பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும் உருகிக் குளிர்ந்த நுண்ணிய கண்ணாடி உருண்டைகள். சுண்ணாம்போடு சேர்ந்தால் இறுகும். அதனால் சிமென்டில் இடம் கிடைத்தது.

குப்பை எரிக்கும் ஆலையில் இரண்டு வாசல் வழியாகச் சாம்பல் வெளியே வருகிறது. உலைத் தட்டின் கடைசியில் தண்ணீரில் விழுவது அடிச்சாம்பல். ஒரு டன் குப்பைக்கு 200 முதல் 250 கிலோ. மண்மாதிரி தட்டில் பார்த்தது அதுதான். இரண்டாவது, புகையைச் சுத்தம் செய்யும்போது வடிகட்டியில் பிடிபடுவது. 20 முதல் 40 கிலோ. அளவு கொஞ்சம், சங்கதி பெரிது. உலைச் சூட்டில் ஈயம், காட்மியம், துத்தநாகம் எல்லாம் குளோரைடாக ஆவியாகி மேலே போகின்றன. புகை குளிரும்போது தூசியின் மேல் படிகின்றன. டையாக்சினும் அந்தக் குளிர்கிற இடத்தில்தான் மறுபடி உருவாகிறது. அமில வாயுவை அடக்க ஊதிய சுண்ணாம்பு, டையாக்சினைப் பிடிக்கப் போட்ட கரித்தூள், கைநிறைய உப்பு, எல்லாம் அதில்தான் சேர்கின்றன. பல நாடுகளில் இது அபாயக் கழிவு. ஜெர்மனியில் பழைய உப்புச் சுரங்கங்களுக்குள் கொண்டுபோய் அடைக்கிறார்கள். நார்வேயில் லாங்கோயா என்ற தீவில் அமிலக் கழிவோடு கலந்து பழைய சுண்ணாம்புக்கல் குவாரியை அதனால் நிரப்பினார்கள்.

கிணற்றடி சொன்ன பைக்கர் கதையில் விட்டுப்போன ஒரு வரி: அங்கே இந்த இரண்டையும் கலந்து கொட்டினார்கள். அடிச்சாம்பல் மட்டும் போயிருந்தால் கதை இவ்வளவு மோசமாகியிருக்காது. ஆகவே மண்மாதிரி, முதலில் கேட்க வேண்டியது சிபிஆர் இல்லை. அந்த ஆலையில் இரண்டு வாசலும் கடைசிவரை தனித்தனியாகப் போகிறதா, இல்லை லாரி ஏற்றும் இடத்தில் ஒன்றாகிறதா? அறிக்கையை நம்பாதீர்கள், நேரில் போய்ப் பாருங்கள்.

மண்மாதிரி

நாளைக்கே போகிறேன். ரோலர்சத்தம் அண்ணா, அந்தக் கொப்புளம் ஹைட்ரஜன்தானே?

ரோலர்சத்தம்

அதேதான். அன்னிக்கு எனக்குத் தெரியாது. சிமென்ட் மட்டம்னு சப்ளையர்கூட சண்டை போட்டேன், பாவம். பிஎச் சாரே விளக்கட்டும்.

பிஎச்12

காரத்தில் அலுமினியம் சும்மா இருக்காது, தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனை விடும். 1 கிராம் உலோக அலுமினியம் முழுவதும் கரைந்தால் சுமார் 1.3 லிட்டர் வாயு. ஒரு கிலோ சாம்பலில் 10 கிராம் இருந்தாலே 13 லிட்டர். தளர்வான கரையில் அது பேசாமல் வெளியேறிவிடும். சிமென்ட் போட்டு இறுக்கிய அடுக்கில் வழி இல்லை, அதனால் மேலே தூக்குகிறது. இரும்பைக் காந்தத்தாலும் அலுமினியம், செம்பைச் சுழல்மின்னோட்டப் பிரிப்பானாலும் எடுத்த பிறகுகூட மிளகைவிடச் சின்னத் துண்டுகள் தங்கிவிடும்.

ஒரு சின்னச் சோதனை. கண்ணாடி ஜாடியில் ஒரு கைப்பிடி சாம்பல், அதன் மேல் நீர்த்த காஸ்டிக் சோடா. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மூடியைப் போடாதீர்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. முத்து முத்தாகக் குமிழ் கிளம்பினால் அந்தச் சாம்பல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

இனி ஆறப்போடுவது. இந்தத் தொழிலில் பாதி சூட்சுமம் இதில்தான். காரத்தைக் காட்டும் பிஎச் அளவு புதுச் சாம்பலில் 11-க்கு மேல், சில சமயம் 12-ஐத் தாண்டும் (என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்). ஈயத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அமிலத்திலும் கரையும், கடும் காரத்திலும் கரையும், நடுவில் 9, 10 பக்கம் மட்டும் அடங்கி உட்கார்ந்திருக்கும். குவியலை இரண்டு மூன்று மாதம் வெளியில் போட்டு, அவ்வப்போது நனைத்துப் புரட்டிவிட்டால் காற்றின் கரியமில வாயு சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக்குகிறது. பிஎச் 9 பக்கம் இறங்குகிறது. ஈயம் அடங்குகிறது, துத்தநாகமும் அடங்குகிறது, அலுமினியம் தன் வாயுவை முன்கூட்டியே விட்டு முடிக்கிறது, வீங்குகிற கனிமங்கள் கரைக்குள் வீங்காமல் குவியலிலேயே வீங்கித் தொலைக்கின்றன. குவியலுக்குள் கை வைக்க முடியாத சூடு வரும், பயப்பட வேண்டாம். ஆனால் குவியலுக்கு அடியில் கான்கிரீட் தளமும், வடிகிற தண்ணீரைப் பிடிக்கத் தொட்டியும் இருக்க வேண்டும். ஆறவைக்கிறேன் என்று வெறும் தரையில் கொட்டிவைப்பது ஆறவைப்பதே இல்லை.

கிணற்றடி

அப்படியென்றால் மூன்று மாதம் வெயில் காட்டினால் சாம்பல் சுத்தமாகிவிடும். அவ்வளவு சுலபமா?

பிஎச்12

இல்லை, அங்கேயும் ஒரு திருப்பம் இருக்கிறது. ஆன்டிமனி. துணி, பிளாஸ்டிக்கில் தீப்பற்றாமல் இருக்கச் சேர்க்கிறார்களே, அது. புதுச் சாம்பலில் கால்சியத்தோடு சேர்ந்து அடங்கியிருக்கும். ஆறப்போட்டு பிஎச் இறங்கினால் பிடி விட்டுக் கரைய ஆரம்பிக்கும். ஈயத்துக்கு எது மருந்தோ அதுவே ஆன்டிமனிக்குத் தூண்டுகோல். ஐரோப்பாவில் மந்தக் கழிவு (எதோடும் வினைபுரியாத கழிவு) போடும் கிடங்குக்கே ஆன்டிமனி வரம்பு கிலோவுக்கு 0.06 மில்லிகிராம்தான், ஈயத்துக்கு 0.5. செம்பு இன்னொரு ரகம். சரியாக எரியாமல் தங்கிய கரிமப் பொருளோடு ஒட்டிக்கொண்டு தண்ணீரில் வரும். அதனால்தான் உலை ஒழுங்காக எரிகிறதா என்பதும் மண் பொறியாளரின் கேள்வியாகிறது. சாம்பலை மறுபடி எரித்தால் இழக்கும் எடை 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி.

மண்மாதிரி, உங்கள் டிசிஎல்பி பாஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அமெரிக்காவில் குப்பைக் கிடங்கை மனசில் வைத்துச் செய்த சோதனை. அசெட்டிக் அமிலம் ஊற்றிக் குலுக்குவார்கள். அந்த அமிலத்தைச் சாம்பலில் இருக்கிற சுண்ணாம்பு தின்றுவிட்டு, கடைசி பிஎச் ஈயம் கரையாத நடுப்பகுதியில் போய் நிற்கலாம். பாஸ் என்று தாள் வரும். கரைக்குள் அசெட்டிக் அமிலம் கிடையாது, மழைத் தண்ணீர்தான். 90 கிராம் உலர் சாம்பலுக்கு 900 மில்லி வெறும் தண்ணீர், 24 மணி நேரம் தலைகீழாகச் சுழற்றுவது, ஐரோப்பிய முறை 12457. அதைச் செய்யுங்கள். முடிந்தால் குழாயில் நிரப்பி அடியிலிருந்து தண்ணீர் ஏற்றும் சோதனையும். முதல் சொட்டில் என்ன வருகிறது என்பது அதில்தான் தெரியும்.

வரப்பு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இது உலகத்தில் நடக்காத காரியம் மாதிரி பேச்சு போகிறது. நெதர்லாந்து, டென்மார்க், பிரான்ஸ், ஜெர்மனியில் பல வருஷங்களாக ரோட்டுக்கு அடியிலும் கரையிலும் அடிச்சாம்பல் போடுகிறார்கள். நெதர்லாந்தில் மேலே படலம் போட்டு மூடி, நீர்மட்டத்துக்கு மேலே வைத்து, கண்காணிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். 2012-ல் அரசும் ஆலைகளும் ஒப்பந்தம் போட்டார்கள், மூடாமலே போடும் அளவுக்குக் கழுவிச் சுத்தம் செய்து தர வேண்டும் என்று. ஜப்பானில் சில இடங்களில் சாம்பலையே மறுபடி உருக்கிக் கண்ணாடிக் கசடாக்குகிறார்கள், அதற்கு 2006 முதல் தேசியத் தரமும் உண்டு. மின்சாரச் செலவு கண்ணைக் கட்டும், அது வேறு. சிங்கப்பூரில் 1999-லிருந்து சாம்பலைக் கடலில் கரை கட்டிய செமகாவ் தீவில் போடுகிறார்கள். அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கு. அதனால்தான் சாம்பலை நியூசேண்ட் என்ற பெயரில் ரோட்டுக்கு அடியில் போட்டுப் பார்க்கிறார்கள்.

கிணற்றடி

அதற்கும் ஒரு புதுப் பெயர்!

கழுவுவது பற்றி ஒரு கேள்வி. கழுவிய தண்ணீரும் அடியில் தங்கும் சேறும் எங்கே போகும்?

வரப்பு

தண்ணீரைச் சுத்திகரிக்க வேண்டும், சேறு கிடங்குக்குத்தான் போகும். 2 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள நுண்துகளில்தான் உப்பும் உலோகமும் அதிகம், அதைப் பிரித்துவிட்டால் மிச்சம் ஓரளவு நல்ல சல்லி. பிரச்சினை காணாமல் போகவில்லை, சுருங்கியிருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

மண்மாதிரி

ஆலைக்குப் போய்விட்டு வந்தேன். இரண்டு வாசலும் தனித்தனி. வடிகட்டிச் சாம்பல் மூடிய தொட்டியில் இறங்கிப் பெரிய பைகளில் போகிறது, ஏற்றும் இடமே வேறு பக்கம். அது நல்ல செய்தி. குவியலுக்கு வயது மூன்று வாரம். அது அவ்வளவு நல்ல செய்தி இல்லை.

இரவு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன், சரி பாருங்கள். நடுக்கரு 3 மீட்டர், அடர்த்தி 1.6. ஒரு சதுர மீட்டருக்குக் கீழே 4.8 டன் சாம்பல். 24 மணி நேரச் சோதனையில் ஒரு கிலோவுக்கு 10 லிட்டர் தண்ணீர். அதே அளவு கரையில் சேர 48,000 லிட்டர் இறங்க வேண்டும். மேலே தார், ஓரத்தில் களிமண் மூடி இருந்து வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் உள்ளே இறங்குகிறது என்று வைத்தால் 480 வருஷம். ஒன்றுமே மூடாமல் 300 மில்லிமீட்டர் இறங்கினாலும் 160 வருஷம். சோதனைக்கூடத்தின் ஒரு நாள் இங்கே பல தலைமுறை. மனசு கொஞ்சம் ஆறியது.

பிஎச்12

கணக்கு சரி. முடிவில்தான் அவசரம். எல்லாம் சமமாக 480 வருஷத்துக்குப் பிரித்துக்கொண்டு வெளியே வராது. குளோரைடு, சல்பேட்டில் பெரும்பகுதி முதல் கொஞ்சம் தண்ணீரிலேயே திரளாக வந்துவிடும். முதல் சில வருஷத்துக் கசிவு உப்புக் கரைசல் மாதிரி இருக்கும். தடிமன் கூடக் கூட ஒரு சதுர மீட்டருக்குக் கீழே போகும் மொத்தச் சுமையும் கூடும். கீழே களிமண் 8 மீட்டர் இருப்பது இங்கே உங்களுக்குச் சாதகம், பக்கவாட்டில் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.

ரோலர்சத்தம்

உப்புன்னதும் ஞாபகம் வந்துச்சு. பாலத்துக்கு ஏறுற கரைன்னா பக்கச்சுவர் உண்டு. இரும்புப் பட்டை போட்டுக் கட்டுற சுவரா? அப்படின்னா சாம்பலை அது பக்கத்துலயே விடாதீங்க. குளோரைடு பட்டையைத் தின்னுடும், வெளிய தெரியவே தெரியாது. பாலிமர் வலைன்னா தப்பிக்கலாம், அதுக்கும் காரம் தாங்குமான்னு கம்பெனித் தாளைப் பாருங்க, பாலியெஸ்டர் காரத்துல வீக்கு. கான்கிரீட் கல்வெர்ட் நடுவுல வந்தா சல்பேட் தாங்குற சிமென்ட், இல்லைன்னா சுத்தி ஒரு மீட்டர் மணல்.

அப்புறம், அதிகமா ரோலர் ஓட்டாதீங்க. துகள் நுரைக்கல் மாதிரி, அழுத்தினா நொறுங்கும். நாலு பாஸ் கூட ஓட்டினா இன்னும் கெட்டியாகும்னு நினைப்போம், மாவாகிடும். காலைல ஓட்டிப் பார்த்த தளத்துல மறுபடி சல்லடை போட்டுப் பாருங்க. தூசி பறக்காம தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும், அந்தத் தூசி கண்ணுல பட்டா எரியும்.

கடைசியா ஒண்ணு, உங்க கணக்குல இது இல்லை. கீழ 8 மீட்டர் சேறு. மேல 4 மீட்டர் கரை. எவ்வளவு உட்காரும்?

மண்மாதிரி

மொத்தம் 60, 65 சென்டிமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறேன்.

ரோலர்சத்தம்

கரை உட்காருறப்ப உங்க சாம்பலும் சேர்ந்து உட்காரும், தங்கச்சி. இன்னிக்கு நீர்மட்டத்துக்கு மேல அரை மீட்டர் இடைவெளின்னு வரையறீங்க. நாலு வருஷத்துல அது தண்ணிக்குள்ள.

கிணற்றடி

இந்த ஒரு வரிக்காகவே இந்த இழையைத் தொடர்ந்து படித்தேன். வணக்கம் அண்ணா.

புதுவரவு

நானும். இது எந்த புக்லயும் படிச்சதா ஞாபகம் இல்லை.

மண்மாதிரி

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

சைட்டில் நீர்மட்டம் இப்போது தரைக்கு 60 சென்டிமீட்டர் கீழே. ஆனால் பக்கத்துப் பழைய கல்வெர்ட்டின் சுவரில் தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பழுப்புக் கறை, வரிசையாக மூன்று கோடு. குனிந்து பார்த்தால் கடைசிக் கோட்டில் காய்ந்த பாசி இன்னும் ஒட்டியிருக்கிறது. அது வரைக்கும் தண்ணீர் நின்றிருக்கிறது. அந்தச் சாணோடு உட்காரும் 65 சென்டிமீட்டரையும் சேர்த்தால் அடியில் குறைந்தது ஒரு மீட்டர் சாம்பல் இல்லாமல் இருக்க வேண்டும். கூடக் கொஞ்சம் வைத்து, கீழே 1.3 மீட்டர் மணலும் கிராவலும் என்று மாற்றிவிட்டேன். நடுக்கரு 3 மீட்டரிலிருந்து 1.7 ஆகிவிட்டது. சுவருக்குப் பக்கத்தில் சாம்பலே இல்லை. எடை லாபம் பாதியாகிவிட்டது என்று ஒப்பந்ததாரர் முகம் சுருங்கியது. பாதிக்காவது லாபம் இருக்கிறதே என்றேன்.

ஜாடிச் சோதனையும் செய்தேன். மூன்று வாரக் குவியலின் மாதிரி. ஊற்றி ஐந்து நிமிஷத்தில் ஒரு பக்கம் மட்டும் சரம் சரமாகக் குமிழ், பார்த்தால் கண்ணாடிச் சுவரை ஒட்டி நகக்கண் அளவு ஒரு வெள்ளித் துண்டு. ஒரு மணி நேரம் கழித்தும் நிற்கவில்லை. சுழற்றுச் சோதனையில் பிஎச் 11.8, ஈயம் வரம்புக்கு மேல். டிசிஎல்பி பாஸான அதே மாதிரிதான். குவியல் ஆலையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தளம் போட்ட இடத்துக்கு மாற்றி, இன்னும் இரண்டரை மாதம். அதற்குப் பிறகு ஈயத்தோடு ஆன்டிமனியையும் சேர்த்துப் பார்ப்பேன். அப்போதும் பாஸாகவில்லை என்றால் கிராவல்தான், தூரமானாலும்.

கிணற்றடி

நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். ஆனால் நீங்கள் கேட்கிற கேள்விகளை எல்லோரும் கேட்டால் எனக்குப் பாதி வேலை மிச்சம். கரைக்கு இரண்டு பக்கமும் ஒரு கண்காணிப்புக் குழாய் போடுங்கள். சாம்பல் போடுவதற்கு முன்னாலேயே போடுங்கள், அப்போதுதான் பிறகு வருகிற உப்பு யாருடையது என்று சண்டை வராது.

மண்மாதிரி

நான்கு குழாய் வரைபடத்தில் சேர்த்துவிட்டேன், ஒன்று கரைக்கு மேற்புறம், தண்ணீர் வரும் பக்கத்தில்.

ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் பாக்கி. முடிவு வரைபடத்தில் அந்த அடுக்குக்கு என்ன பெயர் போடுவது? ஒப்பந்ததாரர் பசுமைச் சல்லி என்கிறார். அலுவலகத்தில் 'தேர்ந்தெடுத்த நிரப்புப் பொருள்' என்று போடச் சொல்கிறார்கள்.

ரோலர்சத்தம்

நாப்பது வருஷம் கழிச்சு குழாய் பதிக்க எவனாவது அங்க தோண்டுவான். வரைபடத்தை விரிச்சுப் பார்ப்பான். குப்பை எரிச்ச அடிச்சாம்பல்னு எழுதுங்க. எந்த ஆலை, எந்த மாசம், எத்தனை மீட்டர் ஆழத்துல.

மண்மாதிரி

எழுதிவிட்டேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை, எழுத்தைச் சின்னதாக்க வேண்டியிருந்தது.